இடுப்பில் கட்டிய எடைக்கல்

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். பத்திரிகை வைக்கும்போது உறையின் மேல் பெயர் எழுதக்கூட என் நாத்தனார் மாலாவிடம்தான் கொடுப்பேன். அப்படிப்பட்டவள் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், வியாதி இப்போது அடங்கியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அடங்கியிருக்கிறது என்ற சொல்லே எனக்குப் பயம்தான். அது மறுபடி எழும்புவதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று கேட்காதீர்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வயிற்றில்தான் வைத்திருக்கிறேன், அதுவும் அறுத்தது போக மிச்சமிருக்கும் வயிற்றில்.

பயம் எனக்கு இந்த வியாதியால் வந்ததில்லை. கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். வீட்டுக்காரர் கம்பத்திலிருந்து வர அரை மணி நேரம் பிந்தினால் யார் யாருக்குத் துக்கம் சொல்லி அனுப்ப வேண்டும் என்று மனதுக்குள் வரிசை போட்டுவிடுவேன். அவர் வந்து செருப்பைக் கழற்றும்போது கண்ணெல்லாம் சிவந்து நிற்பேன். "யாரு செத்தது?" என்று கேட்பார். "நீங்கதான்" என்பேன். சிரித்துக்கொண்டே கை கால் கழுவப் போவார்.

காமயகவுண்டன்பட்டியில் பன்னீர்த் திராட்சைத் தோட்டத்தில் எனக்கு வேலை. குலையைக் கையில் ஏந்தி, சின்னக் கத்தரியால் வெம்பியதையும் வெடித்ததையும் வெட்டி எடுக்க வேண்டும். நல்ல பழத்தில் விரல் நகம்கூடப் படக் கூடாது. இருபது வருடம் அதைச் செய்தேன். ஒரு தை மாதத்திலிருந்து இரண்டு கை சோறு தின்றதும் வயிறு நிறைந்துவிட்டது போல் இருக்க ஆரம்பித்தது. மூன்றாவது கையைப் பார்த்தாலே குமட்டல். ஜாக்கெட் தொளதொளத்தது. தோட்டத்தில் பெண்கள், "என்ன ஈஸ்வரி, எளச்சுக் கொமரி மாதிரி ஆயிட்ட, வீட்ல மருந்து எதுவும் திங்கிறியா?" என்று கேலி செய்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். இவ்வளவு பயப்படுகிறவள், பயப்பட வேண்டிய அந்த ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை.

பிறகு மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. கம்பத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே வாய் வழியாகக் குழாயை விட்டு வயிற்றுக்குள் பார்த்தார்கள். முனையில் விளக்கும் காமிராவும் வைத்த குழாய் அது. உள்ளே இறங்கும்போது நம் தொண்டையே நமக்குச் சொந்தமில்லாதது போல் இருக்கும். உள்ளிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள். பத்தாம் நாள் பெரிய டாக்டர் என்னைப் பார்க்காமல் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரைப்பையில் புற்று. முதலில் கீமோ ஆறு சுற்று. அதாவது, கட்டியைச் சுருக்குகிற மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவது, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. நடுவில் ஒரு ஸ்கேன். எல்லாம் ஒழுங்காக நடந்தால் கடைசியில் அறுவை.

அன்று எடை பார்த்தபோது ஐம்பத்திரண்டு கிலோ. கார்டில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் என் எடையை ஒருவர் எழுதி வைத்தது அதுதான் முதல் தடவை.

கீமோ கூடத்துக்கு வெளியே ஒரு நீளமான நடை. அங்கேதான் காத்திருக்க வேண்டும். காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் ஒன்பதரைக்கு அங்கே இருப்போம். டோக்கன், ரத்தப் பரிசோதனை, முடிவு வரும்வரை உட்காருதல், பிறகு எடை, பிறகு டாக்டர், பிறகுதான் ஊசி. எடை பார்க்கும் எந்திரம் நடையின் முனையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருந்தது. அங்கே நிற்கிற பணியாளர் செருப்பை மட்டும் கழற்றச் சொல்லி, எண்ணை ஏலம் போடுவது போல் சத்தமாகச் சொல்லுவார். நடை முழுக்கக் கேட்கும். ஒரு எண்ணைச் சொன்னதும் "ஐயோ" என்று யாராவது வாயைப் பொத்திக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன்.

அங்கேதான் அருளாயி அக்காவைத் தெரிந்துகொண்டேன். தேவாரம் பக்கத்தில் வேதக்காரர்கள் இருக்கிற ஊர். கழுத்தில் ஜெபமாலை, வாயில் ஓயாத பேச்சு. அவருக்குக் கணையத்தில் கட்டி. இரண்டாவது சுற்றன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, கார்டை வாங்கிப் பார்த்தார்.

"அம்பத்திரெண்டா? பரவால்ல. நாப்பத்தஞ்சுக்குக் கீழ மட்டும் விட்றாத ஆத்தா."

"விட்டா என்னக்கா?"

"ஊசிய நிப்பாட்டிருவாக. ஒடம்பு தாங்காதுன்னு வீட்டுக்கு அனுப்பிருவாக. எங்க ஊர்ல ரெண்டு பேர அப்படித்தான் அனுப்புனாக. போயிக் கஞ்சி குடின்னு சொன்னாக. குடிச்சாக. மாதா கோயில் மணி அடிச்சிருச்சு."

அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. வீட்டுக்கு வருகிற வழி முழுக்க அந்த எண் காதில் ஓடியது. உத்தமபாளையம் வந்தது தெரியவில்லை, கம்பம் வந்தது தெரியவில்லை.

வீட்டில் சாப்பாட்டு நேரமே சண்டை நேரமாகிவிட்டது. வீட்டுக்காரர் சமைக்கப் பழகியிருந்தார். ரசம் வைத்தால் சாம்பார் வாசம் வரும், சாம்பார் வைத்தால் எந்த வாசமும் வராது. ஆனாலும் காலையில் எழுந்து ராகிக் கூழ் காய்ச்சி, முட்டை அவித்து, தட்டைக் கொண்டுவந்து வைப்பார். பெரிய தட்டைப் பார்த்தால் நான் பயப்படுகிறேன் என்று கண்டுபிடித்து, பிள்ளைகள் தின்கிற சின்னத் தட்டு ஒன்றை வாங்கி வந்தார். அதிலும் பாதி மிஞ்சும்.

"இங்கேரு, ஒரு வாய். எனக்காக ஒரு வாய்."

"எறங்கல."

"மனசு வச்சா எறங்கும்."

மனசு வைக்கவில்லை என்று அவர் சொன்னதுதான் வியாதியை விடக் கசப்பாக இருந்தது. தின்ன மாட்டேன் என்கிறாள், அதனால் தேய்கிறாள் என்றே வீடு முழுக்க நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தின்ற அன்றும் தேய்ந்தேன். கன்னம் ஒட்டியது. உட்கார்ந்தால் எலும்பு தரையில் இடித்தது. தலைக்கு ஊற்றச் செம்பைத் தூக்க முடியவில்லை. மாலா என் ஜாக்கெட்டுகளை எடுத்துப்போய், பக்கவாட்டில் இரண்டு இரண்டு அங்குலம் பிடித்துத் தைத்துக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டாள். நான் கண்டதாகக் காட்டவில்லை. அவளும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் எடுத்துப் போனாள்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

திராட்சைத் தொழிலில் இருப்பவளுக்கு எடையில் பொய் என்பது புதிதில்லை. பெட்டிக்கு இவ்வளவு கழிவு, காம்புக்கு இவ்வளவு கழிவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று வியாபாரி குறைப்பார். தோட்டக்காரர் அடிப்பெட்டியில் கனமான குலைகளை வைத்து ஏற்றுவார். இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். தோட்டத்துக் கொட்டகையில் மேடைத் தராசு ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை அதிகாரி வந்து சரி பார்த்து முத்திரை குத்துகிற தராசு. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள் அதில் போய் ஏறினேன். இரண்டாவது சுற்றுக்கு முன்னாலே ஐம்பது ஆகியிருந்தது. மூன்றாவது சுற்றுக்கு முன்னால் நாற்பத்தெட்டு. பயத்தில், நாள்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

மாலாவின் வீட்டுக்காரருக்குக் காய்கறிக் கடை. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு பழைய இரும்பு எடைக்கல்லெல்லாம் ஒரு சாக்கில் சும்மா கிடந்தது. இரண்டு கிலோ ஒன்று, ஒரு கிலோ ஒன்று எடுத்து வந்தேன். உள்பாவாடையின் உள்பக்கம் துணிப்பை வைத்துத் தைத்தேன். மேலே சேலைக் கொசுவம். இளைத்தவள் சேலையை எப்படிக் கட்டினாலும் உப்பலாகத்தான் இருக்கும். யாருக்கும் தெரியவில்லை.

"அம்பத்தொண்ணு" என்று பணியாளர் சத்தமாகச் சொன்னார். அருளாயி அக்கா எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அக்கா எந்திரத்தில் உள்ளது உள்ளபடி ஏறினார். நாற்பத்தேழு என்று கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான்காவது சுற்றுக்கு முன்னால் நாற்பத்தாறு. இன்னொரு இரண்டு கிலோக் கல்லும் தேவைப்பட்டது. அதை எடுத்த வாரம் மாலா வந்தாள்.

"மதினி, ஒரு கூத்தக் கேட்டிகளா? கடையில படிக்கல்லு மூணக் காணோமாம். பழைய இரும்பு எடுக்க வர்றவன்தான் தூக்கிட்டான்னு எங்க வீட்ல அவனக் கண்டபடி பேசிட்டாக. அவன் பாவம், புள்ள மேல சத்தியம் பண்ணுறான்."

"அப்படியா?" என்றேன். இடுப்பில் தோல் கன்றிக் கறுத்திருந்ததில் முந்தானை உரசி எரிந்தது. அந்த மனிதரிடம் இன்றுவரை நான் நேராக மன்னிப்புக் கேட்கவில்லை. தெருவில் மணி அடித்துக்கொண்டு வந்தால் உள்ளே போய்விடுவேன்.

நான்காவது சுற்றுக்குப் பிறகு வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கினால் கண்ணீர் வரும். விரல் நுனியும் பாதமும் மரத்துப்போயின. மருந்து வேலை செய்கிறது என்று தாங்கிக்கொண்டேன். ஸ்கேன் எடுத்தார்கள். அந்த அறையில் இரும்பு எதுவும் கூடாது என்பதால் கல்லையெல்லாம் கூடையில் போட்டு மேலே துண்டைப் போர்த்தி வைத்தேன். கட்டி சுருங்கியிருக்கிறது என்று வந்தது. திரும்பும் வழியில் பஸ் மாற இறங்கிய வீட்டுக்காரர் தேனி பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதார்.

ஐந்தாவது சுற்றன்று நடையில் ஒரு புது டாக்டரம்மா கார்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். வயது முப்பது இருக்கும். ஆராய்ச்சி செய்கிறவராம். எங்கள் வரிசையில் உட்கார்ந்து, எங்களுக்குப் புரிகிற மாதிரி பேசினார். அத்தனை நாளில் அப்படிப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

"சாப்பிடாததால மட்டும் இளைக்கிறது இல்லம்மா. புத்து, உடம்போட கணக்கையே மாத்திடுது. போடுற சாப்பாடு சதையில சேராது. இருக்கிற சதையையே உடம்பு எரிச்சுக்கும். அதுக்கு உடல் உருக்கம்னு பேரு. உங்க மேல தப்பு இல்ல, சமைச்சுப் போடுறவங்க மேலயும் தப்பு இல்ல."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். மனசு வைத்தால் இறங்கும் என்று சொன்னதெல்லாம் அவருக்கு அப்போது நினைவு வந்திருக்க வேண்டும்.

"இதுக்குன்னு இன்னும் சரியான மருந்து இல்ல. இப்ப ஒரு மருந்து பாக்குறோம். அதோட சத்து மாவு, வீட்லயே செய்யிற பயிற்சி. சீட்டுக் குலுக்குற மாதிரி பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. ஆனா எல்லாருக்கும் சத்து மாவும் பயிற்சியும் உண்டு, எல்லாரையும் வாராவாரம் பார்ப்போம். இந்த மாதிரி ஆராய்ச்சியில நம்ம பக்கத்து ஆளுங்க, கூலி வேலைக்குப் போறவங்க, யாருமே இருக்கிறது இல்ல. வேற தேசத்து உடம்பப் பார்த்து எழுதுன மருந்தைத்தான் உங்களுக்குக் கொடுக்கிறோம். அதான் தேடி வந்திருக்கேன்."

அருளாயி அக்காவின் கார்டைப் பார்த்தார். படிப்படியாக இறங்கியிருந்தது. உடனே பெயர் எழுதிக்கொண்டார். என் கார்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு, ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்தொன்று, அன்றைக்கு ஐம்பது.

"உங்களுக்கு எடை குறையவே இல்லையே அம்மா. குறைஞ்சவங்களை மட்டும்தான் சேர்க்க முடியும்."

"இவளுக்கா கொறையல?" என்று அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். வளையல் முழங்கை வரை ஓடியது.

டாக்டரம்மா ஒரு கருவியைக் கொடுத்து, முடிந்த மட்டும் அமுக்கச் சொன்னார். கைப்பலம் அளக்கிறது. முள் அசைந்ததே தெரியவில்லை. அவர் என் கார்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து எங்களைப் பெரிய டாக்டரின் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

மேசைக் கம்ப்யூட்டரில், கீமோவுக்கு முன்னால் எடுத்ததும் இப்போது எடுத்ததுமாக என் ஸ்கேன் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடுப்புக்கு மேலே குறுக்காக வெட்டிய மாதிரிப் படம். முதுகெலும்பின் இரு பக்கமும் இருக்கிற சதை முதல் படத்தில் தடித்திருந்தது, இரண்டாவதில் சுருங்கியிருந்தது. எனக்கே தெரிந்தது. ஸ்கேனில் இருந்து சதையை அளக்க முடியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

பெரிய டாக்டர் என் காலை அமுக்கிப் பார்த்தார். நீர் கோத்த கால் என்றால் குழி விழும், விழவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"சதை இவ்வளவு போயிருக்கு. எடை மட்டும் அப்படியே நிக்குது. அப்படின்னா வேற எதோ ஏறியிருக்கணும். தண்ணியா இருக்கலாம். ஸ்கேன்ல இல்ல, ஆனா ஸ்கேன் எடுத்துப் பத்து நாள் ஆச்சு. வயித்துல தண்ணி கோத்தா, நோய் வயிறு பூரா பரவிருச்சுன்னு அர்த்தம் ஆகலாம். அப்புறம் ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல. இன்னைக்குக் கீமோ வேண்டாம். முதல்ல வயித்துல ஊசி விட்டுத் தண்ணி இருக்கான்னு பார்த்துடலாம்."

வீட்டுக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சொன்னால், நாற்பத்தைந்து என்று தெரிந்து ஊசியை நிறுத்துவார்கள். சொல்லாவிட்டால், பரவிவிட்டது என்று அறுவையை நிறுத்துவார்கள். எந்தப் பக்கம் போனாலும் நானே வெட்டிய குழி. அந்த நேரத்திலும் நான் யோசித்தது, சாக்குக்குள் கல்லைத் திருப்பி வைத்துவிட்டால் தெரியாமல் போகுமா என்றுதான். அவ்வளவு கோழை நான்.

திரும்பி நின்று, சேலைக்குள் கைவிட்டு அவிழ்த்தேன். மூன்று கல்லையும் மேசையில் வைத்தேன். கடைசிக் கல் கைதவறி விழுந்து மேசைக் கண்ணாடியில் கீறல் விட்டது.

பெரிய டாக்டர் கத்தினார்.

"வெளையாடுறீங்களாம்மா? கீமோ மருந்தை எதை வச்சு அளந்து போடுறோம்? உங்க உயரத்தையும் எடையையும் வச்சுதான். அம்பத்தொண்ணுக்குப் போட்ட மருந்து நாப்பத்தாறு கிலோ உடம்புல ஏறியிருக்கு!"

"அந்த வாய்ப்புண்ணு, வெரல் மரத்தது எல்லாம் அதுனாலயா?" என்று கேட்டேன்.

"முழுக்க அதனாலன்னு சொல்ல முடியாது. வித்தியாசம் கொஞ்சம்தான். அது இல்லாமயும் வரும். ஆனா இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

டாக்டரம்மா மெதுவாக, "ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார். வெளியே உட்கார்ந்திருந்த அருளாயி அக்காவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "பயம்" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்காரர் கல்லைக் கூடையில் போட்டு அவரே தூக்கிக்கொண்டார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த பிறகு கேட்டார்.

"அஞ்சு கிலோவக் கட்டிக்கிட்டா தேனி வரைக்கும் நின்னுக்கிட்டு வந்த, அன்னைக்கு?"

"ஆமா."

"ஏ புள்ள, செம்பத் தூக்க முடியலன்னு நான்ல தண்ணி ஊத்துனேன் ஒனக்கு."

அதற்கப்புறம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊசியை நிறுத்தவில்லை. அளவைக் குறைத்து மீதி இரண்டு சுற்றையும் ஏற்றினார்கள். ஆராய்ச்சியில் சேர்க்க டாக்டரம்மா பாடுபட்டார். அவருடைய மேலிடம் எங்கோ வெளியூரில் இருந்தது. எடை குறைந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கார்டு பொய் என்று ஆகிவிட்டது. நான் நாள்காட்டித் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேதி அச்சிட்டிருந்தது, ஓரத்தில் என் கையெழுத்தில் ஐம்பது, நாற்பத்தெட்டு, நாற்பத்தாறு, நாற்பத்தைந்து. ஸ்கேனும் அதற்கு ஒத்துப்போனது. எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினார். இரண்டு வாரம் தினமும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மருந்து கிடைத்தால் ஒரு கை சோறு கூடுதலாக இறங்கும், அறுவைக்கு உடம்பு தாங்கும் என்று அத்தனை நம்பிக்கை. வெறும் மாத்திரையாக இருந்தாலும் போகட்டும், வாராவாரம் ஒருவர் பார்ப்பார் என்கிற தைரியம் போதும் என்றிருந்தேன்.

இல்லை என்று பதில் வந்தது. தோட்டத்துத் தராசை ஏற்க முடியாதாம். அந்தத் தராசில் போட்ட எடையை நம்பித்தான் எங்கள் பள்ளத்தாக்கின் திராட்சை ஊர் ஊராகப் போகிறது. அரசாங்கம் முத்திரை குத்துகிறது. திராட்சைக்குச் சரியாக இருக்கிற தராசு ஒரு பொம்பளைக்குச் சரியில்லை என்று ஆகிவிட்டது.

"நீங்க பொய் சொன்னதால மட்டும் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "ஆறு மாசத்துக்கு முந்தின எடை எழுத்துல இருக்கணும்னு விதி. உங்க பக்கத்துல பல பேருகிட்ட அது இல்ல. இந்த விதியிலயே பாதிப் பேர் கழிஞ்சுடுறாங்க."

அருளாயி அக்காவைச் சேர்த்தார்கள். ஊர்த் துணைச் சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர் என்பதால் அவர் எடை அங்கே நோட்டில் இருந்தது. வாரா வாரம் வர வேண்டும். மூன்று பஸ் மாற வேண்டும். ஐந்தாவது வாரம் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. வராததால் பெயரை எடுத்துவிட்டார்கள். என்னிடம் போனில், "பள்ளிக்கொடத்துல கூட இத்தன வாட்டி பேரு வாசிக்கல ஆத்தா, இங்கன வாசிச்சு வாசிச்சு அடிச்சுட்டாக" என்று சிரித்தார். நவம்பரில் அவரை அடக்கம் செய்தார்கள். நான் அறுவை முடிந்து குழாய்களோடு படுத்திருந்தேன். போக முடியவில்லை.

இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்தார்கள். இப்போது நாற்பத்தொன்று இருக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழு முறை, ஒரு முறைக்கு ஒரு குழிக்கரண்டி. விரல் மரத்தது மரத்ததுதான். கத்தரியைப் பிடித்தால் பிடித்திருப்பதே தெரிவதில்லை. நல்ல பழத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறேன். தோட்டத்தில் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே நின்றுகொண்டேன்.

இந்த வைகாசியில் டாக்டரம்மா போன் செய்தார். அடுத்த ஆராய்ச்சிக்கு விதி எழுதப்போகிறார்கள், இந்த முறை நோயாளிகளையும் கேட்டு எழுதப்போகிறார்கள், வர முடியுமா என்றார். பொய் சொல்லிக் கழிந்தவளை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று பயம். வீட்டுக்காரர்தான், "அவுக கேக்குறதே பெருசு, வா" என்று கூட்டிப்போனார்.

ஏசி அறை. ஆறு பேரைக் கூப்பிட்டு, மூன்று பேர்தான் வந்திருந்தோம். மற்ற மூன்று பேரில் இருவர் இறந்துவிட்டார்கள். பெரிய டாக்டரும், வெளியூரிலிருந்து வந்த இன்னும் இரண்டு பேரும் எதிரே இருந்தார்கள். உங்களைப் போன்றவர்கள் சேர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். நான் வரும் வழியிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எடையை எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம் என்றேன். மறைவான இடத்தில் பார்க்க வேண்டும், எண்ணைக் கத்தக் கூடாது என்றேன். வாராவாரம் வரச் சொல்லாமல் நீங்கள் வாருங்கள் என்றேன். அவர்கள் கேள்வித்தாளில் இருக்கிற சாப்பாட்டுப் பட்டியலில் ரொட்டியும் சீஸும் இருக்கிறது, கம்மங்கூழ் இல்லை என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது.

"அதுக்கெல்லாம் முந்தி ஒண்ணு செய்யணும். எட கொறஞ்சா ஊசிய நிப்பாட்ட மாட்டோம்னு அந்த மிசினுக்கு மேல பெருசா எழுதி ஒட்டுங்க. அது தெரிஞ்சா யாரும் என்னைய மாதிரி பண்ண மாட்டாக."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படி எழுத முடியாதும்மா. ஒரு அளவுக்கு மேல குறைஞ்சா நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். உடம்பு தாங்காது. மருந்தே கொன்னுடும்."

அப்படியென்றால் அருளாயி அக்கா சொன்னது நிஜம். ஒரு வருடமாக, வதந்தியை நம்பிக் கெட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப கட்டத்தான் செய்வாக சார்" என்றேன். "நான் இல்லன்னா இன்னொருத்தி கட்டுவா."

டாக்டரம்மா கேட்டார். "வேற என்னம்மா எழுதலாம்?"

"நிப்பாட்டுனா அதுக்கப்புறம் எங்கள என்ன செய்வீகன்னு எழுதுங்க. கஞ்சி குடிங்கன்னு அனுப்பாம, இன்னது செய்வோம்னு ஒரு வரி. அது இருந்தா அவுத்து வச்சுட்டு ஏறுவாக."

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"அந்த வரி எங்ககிட்ட இல்லம்மா. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சி."

"அந்த ஆராய்ச்சிக்குள்ளதான தாயி என்னைய விடல" என்றேன்.